இடது தோள்

2023 ஜனவரி 18, புதன்

பொங்கல் விடுமுறை முடிந்து இன்றுதான் கல்லூரி. ரவை வறுபடும்போது சிலிண்டர் தீர்ந்தது. மாற்றுச் சிலிண்டருக்கு வாஷர் இல்லை. இவர் நேற்றைய பணியாரத்தைத் தின்றுவிட்டு நடக்கப் போனார். வங்கி மேலாளராக ஓய்வு பெற்றவருக்கு இப்போது நடைதான் ஆபீஸ்.

மதியம் ரங்கதுரையின் வேன் வந்தது. உருவம் வந்துவிட்டது.

இந்தத் திட்டத்தைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகியிருக்கிறேன். டாங்கிக்குள் உட்காரும் சிப்பாய்களுக்குத் தீயிலிருந்து சில நொடிகளாவது காப்பாற்றும் உடை வேண்டும். கேட்பது ராணுவ ஆராய்ச்சிக்கூடம். துணியும் வடிவமும் எங்கள் கல்லூரி ஜவுளித் துறை. உடையை மாட்டி எரித்துப் பார்க்க ஓர் ஆள் அளவு உருவம் வேண்டும், அது கணபதி பகுதியில் இருக்கும் ரங்கதுரையின் கம்பெனி. மூன்று பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு ஐந்து வருடமாகிறது. பேனரில் யாருடைய சின்னம் நடுவில் வருவது என்ற சண்டையில் முதல் ஆறு மாதம் போயிற்று. கொரோனாவில் இரண்டு வருடம் போயிற்று. கல்லூரித் தரப்பில் பொறுப்பு நான் என்பதால் திட்டு எல்லாம் எனக்குத்தான்.

ஆளுக்கொரு பெயர் வேறு வைத்திருக்கிறோம். ஆராய்ச்சிக்கூடத்துக்காரர்களுக்கு அது டம்மி. ரங்கதுரைக்கு பொம்மை. நான் உருவம் என்கிறேன்.

நான்கு பேர் பிடித்து இறக்கி நிறுத்தினார்கள். வெளிர்பழுப்பு நிறம், உடம்பெங்கும் சூடு அறியும் சென்சர் பொட்டுகள். முகம் கிடையாது. கண், மூக்கு, காது எல்லாவற்றையும் வழித்து முட்டை மாதிரி ஆக்கிவிட வேண்டும் என்பது விதி. அளவு கொடுத்தவர் யாரென்று தெரியக் கூடாதாம்.

இடது தோள் இறங்கியிருந்தது.

ஆராய்ச்சி மாணவி அப்ரீனிடம் ஒரு பழைய பெட்ஷீட் கொண்டுவந்து போர்த்தச் சொன்னேன். தூசி படியும் என்று சொன்னேன். சாயங்காலம் வாஷர் வாங்க மறந்துவிட்டேன்.

ஜனவரி 19, வியாழன்

ரங்கதுரைக்குப் போன் செய்து தோளைப் பற்றிக் கேட்டேன். விஷயம் இதுதான். எங்கள் மாணவர்களில் நூற்றுக்கணக்கான பேரை ஸ்கேன் எடுத்தோம். எல்லா அளவிலும் சராசரிக்கு மிக அருகில் இருந்த ஒருவனை அப்ரீனின் கம்ப்யூட்டர் தேர்ந்தெடுத்தது. ஆளை அப்படியே செய்யக் கூடாது. வலது பாதியை எடுத்துக் கண்ணாடியில் காட்டுவதுபோல் திருப்பி இடதுபுறமும் வைத்து, இரண்டு பக்கமும் ஒன்றாக ஆக்கித்தான் வார்க்க வேண்டும். அசல், திருத்தியது என்று இரண்டு பைலையும் அனுப்பியிருந்தோம்.

"ஏனுங்க மேடம், அந்த ரெண்டாவது பைல் எங்க மெசின்ல தொறக்கவே இல்லீங்க. தொறந்ததை வெச்சுப் பண்ணிப்போட்டமுங்க. ரெண்டும் ஒரே ஆளுதானேன்னு பசங்க சொன்னாங்க."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"தப்புதானுங்க. வேணும்னா தோள்ல கொஞ்சம் ரெசின் பத்துப் போட்டு ஏத்திக் குடுத்தர்றேனுங்க. ரெண்டே நாள் வேலை."

அடுத்த மாதம் சகாயராணி வரட்டும், அவரிடம் கேட்டுக்கொண்டு செய்யலாம் என்றேன். சகாயராணி ஆராய்ச்சிக்கூடத்து விஞ்ஞானி. அவரைக் கேட்கத் தேவையே இல்லை. சரி என்று சொல்லியிருந்தால் நாளைக்கே வேன் வந்துவிடும்.

ஜனவரி 24, செவ்வாய்

உடையை முதல் முறையாக மாட்டிப் பார்த்தோம். சட்டையும் பேன்ட்டும் ஒரே துண்டு என்பதால் கையைக் கழற்றினால்தான் போட முடியும். தோளில் ஒரு திருகு, கால் சுற்று சுற்றி இழுத்தால் கை வந்துவிடும். அப்ரீன் கையை நீட்டினாள். நான் செய்கிறேன், நீ போட்டோ எடு என்று அவளை அனுப்பிவிட்டேன். இனிமேல் மாட்டுவதும் கழற்றுவதும் நானே என்றும் சொல்லி வைத்தேன். சாதாரணமாக ஒரு பட்டனுக்குக்கூட ஆளைக் கூப்பிடுகிறவள் நான். அப்ரீன் ஒரு மாதிரி பார்த்தாள்.

ஆய்வகத்தைப் பெருக்க வரும் மாராத்தாள் பெட்ஷீட்டைப் பார்த்துவிட்டு, "அந்தத் தம்பிய எதுக்குங்கம்மா மூடி வெச்சிருக்கீங்க, புழுங்குமல்லொ" என்றாள். அப்ரீன் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். மாராத்தாள் போனதும் பெட்ஷீட்டை எடுத்துவிட்டேன்.

ஜனவரி 31, செவ்வாய்

எழுதாமல் இருந்தால் இல்லை என்று ஆகிவிடாது.

அது நித்திலன்.

2020 பிப்ரவரியில் ஸ்கேனுக்குப் பையன்கள் போதவில்லை. மாடல் தேர்வு நேரம், ஒருவனும் வரவில்லை. வேறு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த இவனை வீட்டிலிருந்து வரவழைத்தேன். வட்டமேடையில் ஜட்டியோடு நின்று, "கூச்சமா இருக்குதும்மா, நீ வெளிய போ" என்றான். போனேன். வெளியே வந்ததும் தன்னுடைய அளவுகளைப் பார்த்துவிட்டு, "மார்க்குலதான் ஆவரேஜ்னு நெனச்சேன், இடுப்புலயுமா" என்று சிரித்தான்.

இடது கைப் பந்துவீச்சாளன். பத்து வயதிலிருந்து வீசி வீசி அந்தத் தோள் இறங்கிவிட்டது. ரெடிமேட் சட்டை எடுத்தால் கழுத்துக்கு இடதுபுறம் ஒரு மடிப்பு விழும். கடைக்காரர்கள் துணியைக் குறை சொல்வார்கள். துணியைப் பற்றி என்னிடமே.

ஸ்கேன்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான்; தேர்வான எண் யாருடையது என்று நான் சரிபார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. பெற்றவளுக்குத் தோள் தெரியாதா?

2021 மே மாதம், இரண்டாவது அலை. முதலில் எனக்குக் காய்ச்சல், பிறகு அவனுக்கு. நான் வீட்டில் தனி அறையில் கிடந்தேன். ஆம்புலன்ஸில் அவன் ஏறியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன், தானே நடந்து போய் ஏறினான். அடுத்த வாரம் இல்லை. இவர் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனார். இவர் மட்டும் மின்மயானத்துக்குப் போனார். எனக்குத் திரும்பி வந்தது ஒரு சின்னச் சட்டி.

இவராவது அவன் முகத்தைப் பார்த்தார். எப்படி இருந்தான் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் எனக்கு இவர்மேல் பொறாமை. வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

பிப்ரவரி 3, வெள்ளி

விடைத்தாள் திருத்தும் வேலை. கேள்வியையே திரும்ப எழுதி மார்க் கேட்கிறார்கள். சிறுவாணித் தண்ணீர் இன்றும் வரவில்லை.

பிப்ரவரி 12, ஞாயிறு

"ஞாயித்துக்கெழமையும் காலேஜா?" என்று இவர் கேட்டார்.

"பேப்பர் திருத்தோணுங்க. இங்க கரெண்டு போயிட்டுப் போயிட்டு வருது."

கரெண்டு ஒழுங்காகத்தான் இருந்தது. மின்விசிறி இவர் தலைக்கு மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. இவர் செடிக்குத் தண்ணீர் விடப் போனார். நித்தி போன பதினாறாம் நாள் அவனுடைய துணி, மட்டை, ஷூ எல்லாவற்றையும் மூட்டை கட்டி எங்கேயோ கொடுத்துவிட்டு வந்தவர். அதற்குப் பிறகு அவன் பெயரை இவர் வாயால் நான் கேட்டதில்லை. எனக்குக் கோபம் வந்து, கோபம் போய், இப்போது இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் இருக்கப் பழகிவிட்டோம்.

ஆய்வகத்தில் ஆள் இல்லை. மேசையை உருவத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு கட்டு திருத்தினேன். அபத்தமாக எழுதியதை எல்லாம் வாய்விட்டுப் படித்தேன். வீட்டில் திருத்தும்போது அவனுக்குப் படித்துக் காட்டுவது வழக்கம், வயிறு குலுங்கச் சிரிப்பான்.

பைத்தியம் பிடிக்கவில்லை. அது ரெசினும் கண்ணாடி இழையும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். விகிதமே நான் சொன்னதுதான். இருந்தாலும் கிளம்பும்போது விளக்கை அணைக்கக் கை வரவில்லை. எரியட்டும் என்று விட்டு வந்தேன்.

பிப்ரவரி 21, செவ்வாய்

சகாயராணி வந்தார். தூத்துக்குடிக்காரர், வடக்கே போய் இருபது வருடமாகியும் கோபம் வந்தால் ஊர்ப் பேச்சு வந்துவிடும். உருவத்தைப் பார்த்ததும் வந்துவிட்டது.

"என்ன மேடம் இது, ஒரு பக்கம் சாஞ்சு கெடக்கு? இத வச்சு டெஸ்ட் பண்ணா எங்க ஆபீஸ்ல என்னைய சிரிப்பாங்கல்லா."

ரங்கதுரை தொண்டையைச் செருமினார். இரண்டு நாளில் ஏற்றித் தந்துவிடுவதாக மறுபடி சொன்னார். நான் வாயைத் திறந்தேன். பத்துப் போட்டால் அங்கே இருக்கும் சென்சர்களைப் பிடுங்க வேண்டிவரும், திரும்ப அளவுதிருத்தம் செய்ய ஒரு மாதம் ஆகும், முதல் சோதனையை இப்படியே முடித்துவிடலாம், நிஜமான ஆள் எவன் நேராக நிற்கிறான் என்று அடுக்கினேன். எல்லாம் சரியான காரணங்கள். சகாயராணி என்னையும் காலண்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி. ஒரு தடவதான். மார்ச் பதினாலு வச்சுக்கிடுவோம்."

வீட்டுக்கு வந்து தோசை ஊற்றும்போதுதான் உறைத்தது. தோளை ஏற்றியிருந்தால் தீயில் நிற்பது யாரோ ஒருவன். நான் கெஞ்சி, காரணம் சொல்லி, நித்தியையே நிற்க வைத்திருக்கிறேன். பேசும்போது தீ என் நினைவிலேயே இல்லை, தோள் போய்விடக் கூடாது என்பது மட்டும்தான் இருந்தது. தோசை கருகியதை இவர் சொல்லித்தான் பார்த்தேன்.

மார்ச் 6, திங்கள்

ரங்கதுரையிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன், இன்னொன்று செய்ய முடியுமா என்று.

"அச்சு இருக்குதுங்களே மேடம். எத்தன வேணும்னாலும் எடுத்துக்கலாமுங்க. டெஸ்ட் பாஸாயிட்டா அவங்களே முப்பது கேக்கறாங்க. உடை தைக்கற ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒண்ணாமா."

ஒன்றை எரித்துவிட்டு ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். பிறகு எது அவன் என்று யோசித்தேன். முப்பது தொழிற்சாலைகளில் முப்பது பேராக, முகம் இல்லாமல், கழற்றிய கையோடு. மதியம் சாப்பிடவில்லை.

மார்ச் 14, செவ்வாய்

இன்று சோதனை. எழுத முடியவில்லை.

மார்ச் 15, புதன்

நெசவுக் கூடத்துக்குப் பின்னால் ஆராய்ச்சிக்கூடத்தின் செலவில் கட்டிய தீயறை. நான்கு பக்கமும் கேஸ் பர்னர்கள். தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள். நேற்றுக் காலையில் நான்தான் உடையை மாட்டினேன். உள்ளே பருத்திப் பனியன், அதன்மேல் உடை, கடைசியில் கழுத்துவரை ஜிப். ஜிப்பை இழுக்கும்போது கழுத்துப் பட்டை இடதுபுறம் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றது. அந்தப் பழைய மடிப்பு. விரலால் நீவிவிட்டேன், திரும்ப எழுந்தது.

கதவைச் சாத்தினார்கள். அப்ரீன் பட்டனை அழுத்தினாள். நான் கண்ணை மூடவில்லை. மூடக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன், ஒருமுறை பார்க்காமல் விட்டதே போதும்.

சில நொடிதான். உருவமே தெரியவில்லை, தீ மட்டும்தான் தெரிந்தது. பிறகு புகை, பிறகு விசிறி. புகை விலகும்போது அதே இடத்தில் அதே சாய்வோடு நின்றிருந்தது.

திரையில் உடம்பின் படம் வந்தது. காயம் படாத இடம் பச்சை, மேல்தோல் வெந்தால் மஞ்சள், ஆழமாக வெந்தால் சிவப்பு. நெஞ்சு, முதுகு, தொடை எல்லாம் பச்சை. கழுத்தின் இடதுபுறத்தில் தொடங்கி இடது தோள் முழுக்கச் சிவப்பு. பட்டை தூக்கிய இடைவெளியில் தீ உள்ளே புகுந்துவிட்டது.

கைகழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன்.

திரும்பி வந்தபோது சகாயராணி முடித்தே வைத்திருந்தார். "உடை நல்லாத்தான் இருக்கு மேடம். தப்பு டம்மில. தோள நேராக்கிட்டு இன்னொரு தடவ போட்டா பாஸாயிரும். கோடைக்குள்ள பாலைவனத்துக்கு நூறு உடை அனுப்பியாகணும்."

ரங்கதுரை வேனை உடனே அனுப்புவதாகச் சொன்னார். காய்ச்சல் வருகிறது, பிறகு பேசுவோம் என்று கிளம்பிவிட்டேன்.

மார்ச் 17, வெள்ளி

அப்ரீனை விட்டு எல்லா ஸ்கேன்களிலும் தோளை மட்டும் பார்க்கச் சொன்னேன். முக்கால்வாசிப் பையன்களுக்கு ஏதோ ஒரு பக்கம் இறங்கித்தான் இருக்கிறது. பை தூக்கியவன், பந்து வீசியவன், பைக்கில் சாய்ந்து உட்கார்ந்தவன். நாங்கள்தான் கண்ணாடி வைத்து எல்லோரையும் நேராக்கிவிட்டு, நேராக நிற்பவனுக்கு உடை தைத்திருக்கிறோம். இறங்கிய தோளோடு ஒரு பையன் டாங்கிக்குள் உட்கார்ந்திருப்பான். அவனுக்குப் பட்டை தூக்கும். அவனுக்கும் ஒரு வீடு இருக்கும்.

ஆகவே என் முன்னால் இரண்டு வழி. தோளை நேராக்கச் சொல்லலாம். நித்தி போய்விடுவான், தீ அவனைத் தொடாது, உடை பாஸாகும், எல்லோருக்கும் சந்தோஷம். அல்லது தோளை விட்டுவிட்டு உடையை மாற்றலாம். அது சரியாகும்வரை அவனைத் திரும்பத் திரும்ப அந்த அறைக்குள் நிறுத்த வேண்டும். மின்மயானத்தில் ஒருமுறை, இந்த வாரத்தில் ஒருமுறை. இன்னும் எத்தனை முறை என்று யாரும் சொல்ல முடியாது.

அம்மா என்றால் முதல் வழி. இத்தனை வருடம் படித்ததும் சொல்லிக் கொடுத்ததும் இரண்டாவது. மாறி மாறி யோசித்துத் தலைவலிதான் மிச்சம். வேன் வந்தது, திருப்பி அனுப்பினேன்.

மார்ச் 22, புதன்

சகாயராணிக்குப் போன் செய்தேன்.

"தோளைத் தொட வேண்டாம். கழுத்துப் பட்டையை மாத்தறேன்."

"மேடம், ஒங்களுக்கு அந்த டம்மி மேல என்னதான் பாசமோ தெரியல."

முக்கால்வாசிப் பேர் கணக்கைச் சொன்னேன். நேராக்கிய உருவத்தில் பாஸாகிற உடை நிஜ ஆளைக் கைவிட்டுவிடும் என்றேன்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா. சரி, கணக்க அனுப்புங்க. மேல நான் சண்ட போடுதேன். ஆனா ஒண்ணு மேடம். பெயிலாகிட்டே இருந்தா எரிச்சுட்டே இருக்கணும். நடுவுல மனசு மாறி நேராக்குங்கன்னு நீங்களே வந்து நிக்கக் கூடாது."

"நிக்க மாட்டேன்" என்றேன்.

ஏப்ரல் 5, புதன்

இரண்டாவது முறை. கழுத்து தப்பியது. தோள் தப்பவில்லை.

ஏப்ரல் 14, வெள்ளி

சித்திரை ஒன்று. கனி பார்ப்பதை விட்டு இரண்டு வருடமாகிறது. பாயசம் மட்டும் வைத்தேன், சர்க்கரை தூக்கல்.

சாப்பாட்டு மேசையில் வடிவத் தாளை விரித்துப் பட்டையின் வளைவை வரைந்துகொண்டிருந்தேன். இடதும் வலதும் தனித்தனியாக வெட்டி, உள்ளே எலாஸ்டிக் பின்னலில் ஒரு மடிப்பு வைத்தால் எந்தத் தோளுக்கும் அது தானாக இறங்கி உட்காரும். இவர் பாயசக் கிண்ணத்தோடு வந்து எதிரே நின்றார். வெகுநேரம் நின்றார்.

"இது ஆரோட அளவு?"

சும்மா ஏதோ ஒரு பையன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நம்ம நித்தியோடதுங்க."

கிண்ணத்தை வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஸ்கேனுக்கு அவன் வந்தது, கம்ப்யூட்டர் அவனைத் தேர்ந்தெடுத்தது, ரங்கதுரையின் ஆட்கள் செய்த தவறு, அவன் உயரத்தில் அவன் தோளோடு நெசவுக் கூடத்துக்குப் பக்கத்தில் நிற்பது எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீங்களாச்சும் கடைசியா அவன் மொகத்தப் பாத்தீங்க. எனக்குக் கெடச்சது இதுதானுங்க" என்றேன். இரண்டு வருடமாக உள்ளே கிடந்தது எப்படியோ வெளியே வந்துவிட்டது.

இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நானும் பாக்கல சாந்தா. ஜிப் போட்ட பையத்தான் காட்டுனாங்க. தெறந்து காட்டுங்கன்னு கேட்டேன், கூடாதுன்னுட்டாங்க. பேரெழுதுன சீட்டப் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டேன். உள்ள இருந்தது அவன்தானான்னு கூட எனக்குத் தெரியாது. உங்கிட்ட எப்படிச் சொல்றது? நீ கேட்டுருவியோன்னுதான் உன் பக்கமே வரல."

இவர் அழுது நான் பார்த்தது இன்றுதான். கிட்டே போய் இவர் தலையை என் வயிற்றோடு பிடித்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான். இல்லாத ஒன்றுக்காக இந்த மனிதர்மேல் பொறாமைப்பட்டு இரண்டு வருடத்தை வீணடித்திருக்கிறேன்.

பிறகு கேட்டார். "அத எரிக்கறீங்களா?"

"ஆமாங்க. ரெண்டு தடவ ஆச்சு. ரெண்டு தடவயும் தோள்ல பட்டிருச்சு."

தாளைத் தன் பக்கம் திருப்பினார். "அடுத்தது என்னிக்குன்னு சொல்லு. நானும் வர்றேன்" என்றார்.

ஏப்ரல் 20, வியாழன்

புதிய பட்டை தைத்தாயிற்று. அப்ரீன் மூன்று முறை பிரித்துத் தைத்தாள், ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. தண்ணீர் வந்தது, தொட்டி நிரம்பி வழிந்தது, யாரும் கவனிக்கவில்லை.

ஏப்ரல் 27, வியாழன்

இவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். தீயறை வாசலில் சகாயராணியும் ரங்கதுரையும் இருந்தார்கள். என் வீட்டுக்காரர், பார்க்க ஆசைப்பட்டார் என்று அறிமுகம் செய்தேன். உள்ளே நுழைந்ததும் இவர் நேரே உருவத்துக்கு முன்னால் போய் நின்றார். முகம் இருக்க வேண்டிய இடத்தை இவர் பார்க்கவில்லை. தோளைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

இடது கையைக் கழற்றினேன். கீழே வைக்க மேசையைத் தேடும்போது இவர் இரண்டு கையையும் நீட்டினார். கொடுத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டார்.

"சார், நீங்க எதுக்குங்க, பசங்க புடிப்பாங்க" என்று ரங்கதுரை வந்தார்.

"இருக்கட்டுங்க" என்றார் இவர். அந்தக் குரலைக் கேட்டு ரங்கதுரை அப்படியே நின்றுவிட்டார். சகாயராணி என் முகத்தைப் பார்த்தார், இவர் மடியைப் பார்த்தார். அப்ரீனைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். ரங்கதுரையும் பின்னாலேயே போனார்.

பனியனைப் போட்டோம். உடையை ஏற்றினோம். சட்டைக் கைக்குள் இவர் அவன் கையை நுழைத்தார், நான் திருகினேன். ஜிப்பை இழுத்தேன். பட்டை இடது தோள்மேல் தானாக இறங்கி உட்கார்ந்தது. மடிப்பு விழவில்லை.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து நின்றோம். அப்ரீன் பட்டனில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ம் என்றேன். தீ எழுந்ததும் இவர் என் கையைப் பிடித்தார். எலும்பு வலித்தது. தீ நின்றது. புகை, விசிறி. திரையில் படம் கீழேயிருந்து மெதுவாக மேலே ஏறியது. கால் பச்சை. இடுப்பு பச்சை. நெஞ்சு பச்சை. கழுத்து, வலது தோள், இடது தோள்.

பச்சை.

அப்ரீன் கத்திவிட்டாள். சகாயராணி திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "ஒண்ணுமே படல மேடம்" என்றார். "பையனுக்கு ஒண்ணுமே படல."

இவர் அதற்குள் அறைக் கதவிடம் போய்விட்டார். விசிறி நின்றதும் இரண்டு பேரும் உள்ளே போனோம். மேல்துணி கருகித் தொட்டால் உதிர்ந்தது. ஜிப்பைக் கீழே இழுத்துத் தோளிலிருந்து மெல்ல உரித்தேன். பனியன் வெள்ளையாகவே இருந்தது.

இவர் இடது தோளில் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை.

"சூடா இருக்கறான் சாந்தா" என்றார்.

நானும் வைத்தேன். உடம்பில் நல்ல சூடு இருந்தது. ஆறும்வரைக்கும் நாங்கள் கையை எடுக்கவில்லை.